பக்கம் 2-ல் பக்கத்துக் கடைக்காரர்

இன்னைக்கு நான் பண்ண ஒரு தப்பைப் பத்திப் பேசலாம்.

மொத்த வியாபாரத்துக்கான ஒரு பிஎச்பி தளம். ஒவ்வொரு கடைக்கும் ஆயிரக்கணக்கில் ஆர்டர்கள். ‘என் ஆர்டர்கள்’ பக்கம் திறக்கவே நேரமாகுதுன்னு புகார். மைஎஸ்க்யூஎல்-கிட்ட லிமிட் 20, ஆஃப்செட் 10000-னு கேட்டா, அது நேரா அங்கே தாவாது. 10,020 வரிசையைப் படிச்சு, முதல் 10,000-ஐத் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்தைத் தரும்.

சரி, கேஷ் பண்ணிடலாம்னு ரெடிஸ்ல வைத்தேன். கீ பெயர்: ஆர்டர்ஸ்_பேஜ்_2. என் லேப்டாப்பில் ஒரே லாகின்தான், அதனால எல்லாம் பிரமாதமா ஓடிச்சு. லைவ் போன அன்னைக்கே ஒரு கடைக்காரர் போன்: "தம்பி, பக்கத்துக் கடைக்கு மட்டும் ஏன் விலை குறைச்சுக் கொடுத்திருக்கீங்க?" அடுத்தவரோட ஆர்டர் பட்டியல் இவர் திரையில! கீயில் கடை எண்ணே இல்லையே. கடை, ஃபில்டர், வரிசைப்படுத்தும் முறை, பக்கத்துக்கு எத்தனை, எதை மாத்தினா விடை மாறுமோ அதெல்லாம் கீயில் இருக்கணும்.

அதைச் சரிசெய்தும் அடுத்த வாரம் இன்னொரு புகார்: "ஒரு ஆர்டரைக் காணோம்." இது கொஞ்சம் நுணுக்கமானது. புது ஆர்டர் வந்தால் எல்லாமே ஓரிடம் கீழே நகரும். முதல் பக்கத்தில் 20-ஆவதா இருந்தது இரண்டாம் பக்கத்துக்குப் போகும். முதல் பக்கம் புதுசு, இரண்டாவது பழைய கேஷ்னு வைங்க, அந்த ஆர்டர் ரெண்டிலும் இருக்காது. தலைகீழா இருந்தால் ரெண்டு தடவை வரும்.

எல்லாப் பக்கத்தையும் தேடித் தேடி அழிக்கலாம். ஆனா ரெடிஸ்ல ‘கீஸ்’ கட்டளை போட்டா, அது முடியுற வரைக்கும் மத்த எல்லாரும் காத்திருக்கணும். அதைவிட எளிய வழி ஒண்ணு இருக்கு: கடைக்கு ஒரு பதிப்பு எண். அதையும் கீயில் சேர்த்துடுங்க. ஆர்டர் வந்தாலோ, ரத்தானாலோ, நிலை மாறினாலோ எண்ணை ஒண்ணு கூட்டினால் போதும். பழைய கீயை யாரும் கேட்கமாட்டாங்க, காலாவதி நேரம் வந்ததும் தானா போயிடும். கூட்டுறதை டேட்டாபேஸ் கமிட் ஆன பிறகு செய்யுங்க. முன்னாடியே கூட்டினால், இடையில் வர்றவர் பழைய தகவலைப் புது எண்ணில் சேமிச்சுடுவார்.

அப்புறம், கடை எண், தேதி ரெண்டுக்கும் சேர்த்து ஒரு இன்டெக்ஸ் போட்டோம். அதுக்கே பாதி புகார் நின்னுச்சு, வெட்கமா இருந்தது! இப்போ முதல் 3 பக்கத்துக்கு மட்டும்தான் கேஷ். டெஸ்டிங்குக்கு எப்பவும் ரெண்டு லாகின்.