சுற்றி வரும் எண்ணி

இரவு பதினொரு மணிக்குப் புறப்பட்ட இரயில் இரண்டு மணிக்கு ஒரு நிலையத்தை அடைந்தால், கழிந்தது மூன்று மணி நேரம் என்று உடனே கூறிவிடுகிறோம். கழித்தலில் குறை எண் வருமாயின் ஒரு சுற்றைக் கூட்டிக்கொள்கிறோம். ஆனால் சென்னையில் ஏறித் தில்லியில் இறங்குவோர், கடிகார முகத்தை மட்டும் நோக்கிப் பயண நேரத்தை அறிய இயலாது. முள் எத்தனை முறை சுற்றிற்று என்பதை முகம் காட்டுவதில்லை.

கணிப்பொறிக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. அதனுள் அமைந்த ஒருவகை எண்ணி, வினாடிக்கு 35,79,545 துடிப்புகளை எண்ணுகிறது. இருபத்துநான்கு இரும இலக்கங்களே கொண்டமையால், 1,67,77,216 துடிப்புகளில் பூச்சியத்திற்குத் திரும்புகிறது. ஒரு சுற்று ஏறத்தாழ 4.7 வினாடிகளே. ஆதலின் அதனை ஆளும் இயக்கி நிரல், சுற்று முடியுமுன் எண்ணியைப் பார்த்து, வேறுபாட்டைத் தனியே கூட்டி வைக்க வேண்டும். சில பழைய சில்லுகள் இடையிடையே தவறான எண்ணையும் தருவதுண்டு. அவற்றில் லினக்ஸ் நிரல் மூன்று முறை படித்து, வரிசை பிறழ்ந்தால் மீண்டும் படிக்கிறது.

எண்ணி பெரிதாயினும் கவலை தீராது. முப்பத்திரண்டு இலக்க எண்ணி மில்லி வினாடிகளை எண்ணினால் 49.7 நாட்களில் சுற்றிவிடும். விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் இயங்கிய கணிப்பொறிகள், அத்தனை நாள் இடைவிடாது ஓடினால், காலம் கணிக்கும் நிரலின் பிழையால் செயலற்று நின்றுவிடக்கூடும் என்பது 1999-இல் வெளியாயிற்று.

எண்ணி எப்போது திரும்பும் என்பதை முன்னரே கணக்கிட்டு, அதற்குள் பார்த்துவிடும் ஏற்பாட்டைச் செய்துகொண்டால், சிறிய எண்ணியைக் கொண்டே நெடுங்காலத்தைப் பிழையின்றி அளக்கலாம்.