முதல் குரூப்பா, மூன்றாம் குரூப்பா?

பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளின் தலையெழுத்தை எழுதும் ஒரு காகிதத்தின் கதை

வெள்ளாற்றின் தென்கரையில் இருக்கிறது லப்பைக்குடிக்காடு. பாலத்தைக் கடந்தால் அக்கரையில் திட்டக்குடி. அது கடலூர் மாவட்டம். இக்கரை பெரம்பலூர் மாவட்டம், குன்னம் தாலுகா. சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற பூமி. ஊருக்குள்ளே நுழைந்தால் மினாராக்களும் மாடி வீடுகளும் கண்ணில் படும். அந்த மாடிகளில் பல, அரபு நாட்டு வெயிலில் சம்பாதித்த காசில் எழும்பியவை.

மே மாதம் பிறந்து, பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியாகிவிட்டால் போதும், ஊரில் ஒரே பேச்சுத்தான். கடைத்தெருவிலும் அதே பேச்சு. கல்யாண வீட்டிலும் அதே பேச்சு.

"உங்க பையன் எந்த குரூப்பு?"

சர்க்கார் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் அந்தச் சமயத்தில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். தாயும் மகனும் நிற்கிறார்கள். மகன் கையில் மதிப்பெண் பட்டியல். மேஜைக்குப் பின்னால் உபாத்தியாயர்.

"இவங்க அத்தா துபாயிலேருந்து போன் பண்ணினாங்க, சார். டாக்டர் குரூப்புலதான் சேக்கணும்னு சொல்லிட்டாங்க."

"நல்லதும்மா. தம்பி, நீ என்ன நினைக்கிறே?"

தம்பி பேசவில்லை. தரையைப் பார்க்கிறான். அம்மா அவன் தோளை இடிக்கிறாள்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. தமிழ்நாட்டில் மேல்நிலைப்பள்ளி இருக்கிற ஊரெல்லாம் வருஷந்தோறும் நடக்கிற கதை. பதினைந்து வயதுப் பிள்ளை, அரை மணி நேரத்தில், ஒரே ஒரு காகிதத்தில் ஒரு குரூப்பின் பெயரை எழுதிக் கொடுக்கிறான். பிறகு அவன் டாக்டர் ஆகலாமா, என்ஜினீயர் ஆகலாமா என்பதெல்லாம் பெரும்பாலும் அந்தக் காகிதத்தோடு முடிந்துவிடுகிறது.

நம்பர் எப்படி அந்தஸ்து ஆயிற்று?

பதினோராம் வகுப்பில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் எல்லோருக்கும் பொது. அதற்குமேல் நான்கு பாடங்கள். அந்த நான்கின் சேர்க்கைதான் குரூப்.

கணிதம், பௌதிகம், ரசாயனம், உயிரியல் நான்கும் சேர்ந்தால் ஒரு குரூப். உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் வந்தால் இன்னொன்று. கணிதத்தை விட்டுத் தாவரவியல், விலங்கியல் என்று எடுத்தால் அது தனி. வரலாறு, பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் சேர்ந்தால் கலைப்பிரிவு. இவை தவிரத் தொழிற்கல்விப் பிரிவு என்று ஒன்றும் உண்டு.

இவற்றை ஜனங்கள் முதல் குரூப், இரண்டாம் குரூப், மூன்றாம் குரூப் என்று அழைக்கிறார்கள். எது எந்த நம்பர் என்பது ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஆனால் ஒன்று மட்டும் மாறாது. கணிதமும் விஞ்ஞானமும் மேலே. வணிகவியலும் வரலாறும் கீழே. தொழிற்கல்வி எல்லாவற்றுக்கும் அடியில்.

நம்பர் என்பது அடையாளத்துக்காக வந்தது. ரயில்வே ஸ்டேஷனில் முதல் பிளாட்பாரம், மூன்றாம் பிளாட்பாரம் என்று சொல்வதில்லையா? மூன்றாம் பிளாட்பாரத்தில் நிற்கிற வண்டி மட்டமான வண்டி என்று யாராவது சொல்வார்களா? பள்ளிக்கூடத்தில் மட்டும் நம்பர் அந்தஸ்து ஆகிவிட்டது. மார்க் அதிகம் வாங்கியவன் முதல் குரூப். குறைந்தவன் மூன்றாம் குரூப். அவனுக்கு எதில் ருசி என்று கேட்பார் இல்லை.

ஏழு பாதைகள்

இந்தப் பாதைகளைப் பற்றி முதலில் யோசித்தவர்களின் எண்ணம் வேறு.

1952-ஆம் வருஷம் இந்திய சர்க்கார் இடைநிலைக் கல்விக்கென்று ஒரு கமிஷனை நியமித்தது. அதன் தலைவர், சென்னைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். 1953-இல் கமிஷன் தன் அறிக்கையைக் கொடுத்தது. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே செக்கில் கட்டக் கூடாது என்பது அதன் சாரம். மனிதவியல், விஞ்ஞானம், தொழில்நுட்பம், வாணிபம், விவசாயம், நுண்கலை, மனையியல் என்று ஏழு பாதைகளை அது வகுத்தது. பல பாதைகளும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் 'பல்நோக்குப் பள்ளிகள்' வேண்டும் என்றது. அந்த ஏழில் எது உயர்த்தி, எது தாழ்த்தி என்ற பேச்சே அதில் இல்லை. பிள்ளையின் நாட்டம் எதுவோ, அதுவே அவன் பாதை.

அப்போதெல்லாம் நம் ராஜ்யத்தில் பதினோரு வருஷப் பள்ளிப் படிப்பு. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள் பி.யு.சி. படிக்கக் கல்லூரிக்குப் போகவேண்டும். அன்று திருச்சி ஜில்லாவைச் சேர்ந்திருந்த லப்பைக்குடிக்காட்டுப் பையனுக்கு, கல்லூரி என்றால் திருச்சி போன்ற பட்டணம்தான். 1951-இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரி அங்கே இருந்தது. ஆனால் ஹாஸ்டலுக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள் எத்தனை பேர்? வயதுக்கு வந்த பெண்ணைத் தனியே அனுப்பத் துணிந்தவர்கள் எத்தனை பேர்?

1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கமிஷன், பத்து, இரண்டு, மூன்று என்ற முறையைச் சிபாரிசு செய்தது. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலை வகுப்புகள் ஆரம்பமாயின. 1980-இல் முதல் பிளஸ் டூ பொதுப் பரீட்சை நடந்தது. பட்டணத்துக் கல்லூரியில் இருந்த வகுப்பு, கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும், முக்கியமாகப் பெண்களுக்கும், அது பெரிய வரப்பிரசாதம்.

அதன் பலனைப் பெரம்பலூர் மாவட்டத்திலேயே பார்க்கலாம். 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்த மாவட்டம் இது. பின்தங்கிய சீமை என்று எல்லோரும் சொன்ன இடம். ஆனால் 2022-இல் பிளஸ் டூ பரீட்சையில் 97.95 சதவீதம் தேர்ச்சி பெற்று மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது. மறு வருஷம், 2023-இல், பத்தாம் வகுப்பில் 97.67 சதவீதம், அதிலும் முதலிடம். ஆகவே பிள்ளைகள் தேறுவார்களா என்ற கவலை இங்கே பழங்கதை. எந்தப் பாதையில் போவார்கள் என்பதுதான் இன்றைய கவலை.

ஆசிரியர் இருந்தால்தான் குரூப்

பாதை ஏழு என்று அறிக்கையில் எழுதிவிடலாம். பள்ளிக்கூடத்தில் பாதை போடுவது ஆசிரியர்.

ஒரு குரூப் நடக்க வேண்டுமானால் அதிலுள்ள ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு முதுகலை ஆசிரியர் வேண்டும். பௌதிகம், ரசாயனம், உயிரியல் என்றால் செய்முறைக்கூடம் வேண்டும். கணினி என்றால் கணினிகள் வேண்டும். பௌதிக ஆசிரியர் மாற்றலாகிப் போய், அந்த இடம் காலியாகவே இருந்தால் என்ன ஆகும்? குரூப் காகிதத்தில் இருக்கும். பாடம் வகுப்பில் இருக்காது. விஞ்ஞானப் பாடங்களில் செய்முறைக்கு மட்டும் இருபது மார்க். பரிசோதனைக் குழாயைத் தொட்டுப் பழகாத பிள்ளை அந்த இருபதுக்கு எங்கே போவான்?

பெரிய பட்டணத்துப் பிள்ளை தனக்கு எந்த குரூப் வேண்டும் என்று கேட்கிறான். சின்ன ஊர்ப் பிள்ளை, தன் ஊர்ப் பள்ளியில் எந்த குரூப் இருக்கிறது என்று கேட்கவேண்டியிருக்கிறது. இரண்டு கேள்விக்கும் எவ்வளவு தூரம்!

எல்லாரையும்விடப் பரிதாபம் தொழிற்பிரிவின் கதி. விவசாயம், நர்ஸிங், மின்பொறி, இயந்திரவியல், அலுவலக மேலாண்மை, நெசவு என்று எத்தனையோ பாடங்கள் அதில் உண்டு. பயிற்றுநர் ஓய்வு பெற்றுப் போன பிறகு வேறு ஆள் வராமல், பல பள்ளிகளில் அந்தப் பிரிவே மூடிப்போயிற்று. பருத்தியும் வெங்காயமும் விளையும் சீமையில், விவசாயப் பாடம் கடைசி வரிசைப் பிள்ளைக்கு உரியது என்று ஆகிவிட்டது. இதைவிட விசித்திரம் வேண்டுமா?

எந்த குரூப்புக்கு எந்தக் கதவு?

காகிதத்தை நிரப்புமுன் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான்.

மருத்துவப் படிப்புக்கு உயிரியல் (அல்லது தாவரவியல், விலங்கியல்), பௌதிகம், ரசாயனம் வேண்டும். அதோடு நீட் பரீட்சையும் உண்டு. பி.எஸ்சி. நர்ஸிங்குக்கும் அதே பாடங்கள். என்ஜினீயரிங்குக்குக் கணிதம், பௌதிகம், ரசாயனம் வேண்டும். ஆகவே கணினி எடுத்தவனுக்கு டாக்டர் படிப்பு எட்டாது. கணிதத்தை விட்டவனுக்கு என்ஜினீயரிங் எட்டாது. நான்கையும் சேர்த்து எடுத்தால் இரண்டு கதவும் திறந்திருக்கும். ஆனால் நான்கையும் தாங்குகிற தெம்பு பிள்ளைக்கு வேண்டும்.

கலைப்பிரிவுக்குக் கதவே இல்லை என்பது தப்பபிப்பிராயம். பிளஸ் டூ முடித்து ஐந்து வருஷம் படிக்கும் சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் தடை இல்லை. ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. பரீட்சைக்கும் அப்படியே, கணக்குப்பதிவியல் படித்தவனுக்கு அது பழகிய பாதை. பட்டம் ஒன்று இருந்தால் ஐ.ஏ.எஸ். பரீட்சை எழுதலாம், அங்கே பிளஸ் டூவில் என்ன குரூப் என்று ஒருவரும் கேட்பதில்லை.

தொழிற்பிரிவில் படித்தவர்களுக்கும் என்ஜினீயரிங் கல்லூரிகளிலும் வேளாண்மைக் கல்லூரிகளிலும் தனி இடங்கள் உண்டு. பத்தாவது முடித்ததுமே பாலிடெக்னிக்கில் சேரலாம். பெரம்பலூரை அடுத்த கீழக்கணவாயில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. பிளஸ் டூவில் உரிய பாடம் படித்துவிட்டுப் போனால் நேரே இரண்டாம் வருஷத்தில் உட்காரலாம்.

பாலத்தைக் கடக்குமுன்

உள்ளூர்ப் பள்ளியில் விரும்பிய குரூப் இல்லையென்றால், பணம் உள்ளவர்கள் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவசரப்படுமுன் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும்.

சர்க்கார் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு, மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் ஒதுக்கும் சட்டம் 2020-இல் வந்தது. என்ஜினீயரிங் முதலிய படிப்புகளுக்கு 2021-இல் வந்தது. மேல்படிப்புக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இலும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. அவையும் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளை முன்னிட்டே பிறந்தவை. ஐந்து வருஷம் சர்க்கார் பள்ளியில் படித்துவிட்டு, கடைசி இரண்டு வருஷத்துக்குத் தனியார் பள்ளிக்கு மாறினால் அந்த 7.5 சதவீத உரிமை போய்விடும். குரூப்புக்காக மாறித்தான் ஆகவேண்டும் என்றால், அந்த குரூப் உள்ள இன்னொரு சர்க்கார் பள்ளி பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் விசாரிப்பதே புத்திசாலித்தனம். இக்கரையோ அக்கரையோ, சர்க்கார் பள்ளி சர்க்கார் பள்ளிதான்.

இன்னொரு விஷயம். 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுப் பரீட்சை இருந்தது. 2025-26 முதல் அது கிடையாது என்று சர்க்கார் அறிவித்தது. பரீட்சை இல்லை என்பதற்காகப் பிளஸ் ஒன் பாடத்தை ஏறக்கட்டிவிடக் கூடாது. நீட் பரீட்சையில் கேள்வி இரண்டு வருஷப் பாடத்திலிருந்தும் வரும்.

தம்பி வாய் திறந்தான்

மறுபடி அந்தத் தாழ்வாரத்துக்கே போகலாம். உபாத்தியாயர் பென்சிலைக் கீழே வைக்கிறார்.

"ரத்தத்தைக் கண்டா உனக்கு எப்படிடா இருக்கும்?"

"மயக்கம் வரும், சார்."

அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிடுகிறது.

"சரி, உனக்கு எது வரும்?"

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு மெதுவாகச் சொல்கிறான்: "அத்தா அனுப்புற பணத்துக்கு வீட்டுல நான்தான் சார் கணக்கு எழுதறேன். மாசக் கடைசியில ஒரு ரூபா கூட உதைக்காது."

உபாத்தியாயர் தாயைப் பார்க்கிறார்.

"அம்மா, இவங்க அத்தாகிட்ட இன்னொரு தடவை போன்ல பேசுங்க. இவனையும் பேசவிடுங்க. காகிதம் நாளைக்குக் கொடுத்தாப் போதும்."

பாலைவனத்து வெயிலில் நிற்கும் தகப்பன், தன் மகன் நிழலில் உட்கார்ந்து உத்தியோகம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறான். அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் நிழல் தரும் மரம் ஒன்றுதான் என்று நினைப்பது தப்பு.

ஆகவே காகிதத்தில் எழுதுமுன் மூன்று கேள்வி கேட்டால் போதும். பிள்ளைக்கு எது பிடிக்கும்? அந்தப் பாடத்துக்கு ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் இருக்கிறாரா? இதை எடுத்தால் எந்தக் கதவு அடைபடும்? இரண்டாம் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், அது பிள்ளையின் குற்றம் அல்ல. அந்த இடத்தை நிரப்பும் கடமை சர்க்காருக்கு. நிரப்பச் சொல்லிக் கேட்கும் கடமை ஊருக்கு.

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவனோ, தரையைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறான். அவனைக் கேட்டுவிட்டு எழுதலாமே!