மனநல சிகிச்சை பெறுவோருக்கான தன்னார்வத் துணை

மனநல சிகிச்சை பெறுவோருக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் மருத்துவத் துறையைச் சாராத பொதுமக்கள் ஊதியம் பெறாமல் செய்யும் உதவி தன்னார்வத் துணை எனப்படும். மருத்துவமனைக்கு உடன் செல்லுதல், மாத்திரை தீரும் நாளை நினைவூட்டுதல், வீட்டிற்குச் சென்று பேசிக்கொண்டிருத்தல், வேலைக்குத் திரும்ப உதவுதல் ஆகியவை இதில் அடங்கும். நோயைக் கண்டறிதலும் மருந்தை மாற்றுதலும் இதில் அடங்கா.

குழித்துறை வட்டாரத்தில்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள குழித்துறை, 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்துடன் இணையும்வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. திருவனந்தபுரத்தில் 1870-இல் தொடங்கப்பட்ட ஊளம்பாறை மனநல மருத்துவமனையின் பெயரே இப்பகுதியினருக்கு நெடுங்காலம் பழகியது. மாநிலம் மாறியும் பேச்சு மாறவில்லை. ஒருவரை ஊளம்பாறைக்கு அனுப்ப வேண்டும் என்பது இன்றும் கேலிப் பேச்சு. சிகிச்சைக்குச் செல்லப் பலர் தயங்குவதற்கு மருந்தைப் பற்றிய அச்சத்தைவிட இந்தக் கேலியே காரணம் எனலாம்.

இப்போது மாவட்டத்திலேயே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாகவும் சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் குழித்துறையிலிருந்து ஆசாரிப்பள்ளம் செல்வோர் நாகர்கோவில் சென்று பேருந்து மாற வேண்டும். வரிசையில் நின்று மருந்து வாங்கித் திரும்புவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். அழைத்துச் செல்லும் தாய்க்கு வயதாகிவிட்டால் அடுத்த முறை பயணம் தள்ளிப்போகும், மாத்திரை நிற்கும், சில வாரங்களில் நோய் திரும்பும். தன்னார்வலர் தேவைப்படுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

உடன் செல்பவரின் வேலை

மருத்துவர் ஒரு நோயாளியுடன் பேசக் கிடைப்பது சில நிமிடங்களே. வீட்டில் நடப்பதை அந்நேரத்தில் நோயாளி சொல்ல மறக்கக்கூடும். எடுத்துக்காட்டாக, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். இரவில் விழுங்கிய மாத்திரையால் அதிகாலையில் எழ முடியாத தொழிலாளி வேலையை விட மனமின்றி மாத்திரையை விட்டுவிடுவார். வீட்டார் இதைப் பிடிவாதம் என்பார்கள். அவருடைய வேலை நேரத்தை மருத்துவரிடம் சொன்னால், மருந்தின் அளவையோ உட்கொள்ளும் நேரத்தையோ மாற்ற இயலுமா என்று அவர் பார்ப்பார். அதைச் சொல்லும்படி நோயாளிக்கு நினைவூட்டுவதும், அவர் கேட்டுக்கொண்டால் தாமே எடுத்துச் சொல்வதும் உடன் செல்பவரின் வேலை. மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது அவர் வேலை அன்று.

சில மருந்துகளுக்கு இரத்தப் பரிசோதனை கட்டாயம். குளோசபின் உட்கொள்வோர் முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் வெள்ளணுக்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும். லித்தியம் உட்கொள்பவருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டாலோ, கடையில் வாங்கிய வலிநிவாரணியை அவர் விழுங்கினாலோ இரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தான நிலைக்கு உயரலாம். இந்த நாள்களைக் குறித்து வைத்துக்கொள்ள ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும்.

பலன் உண்டா?

காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்கள், கோவா, மகாராஷ்டிரத்தின் சாத்தாரா ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு 2014-இல் லான்செட் இதழில் வெளியானது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று உதவியோருக்கு, மருத்துவமனை சிகிச்சை மட்டும் பெற்றோரைவிட ஓராண்டில் அறிகுறிகளும் செயலிழப்பும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன. தமிழகப் பகுதியில் அந்த வேறுபாடு தெளிவாக இருந்தது. இவர்கள் சம்பளம் பெற்றவர்கள், மருத்துவரின் மேற்பார்வையில் இயங்கியவர்கள் என்பதை மறக்கலாகாது. பயிற்சியும் மேற்பார்வையும் இல்லாத நல்லெண்ணத்திற்கு இந்த முடிவைச் சான்றாகக் காட்ட முடியாது.

முழுவதும் தன்னார்வலரை நம்பிய முயற்சிக்குக் கேரளத்தில் எடுத்துக்காட்டு உண்டு. மனநல மருத்துவர் மனோஜ் குமார் 2008-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய மென்டல் ஹெல்த் ஆக்‌ஷன் டிரஸ்ட், வலிதணிப்பு மையங்களின் உள்ளூர்த் தன்னார்வலர்களைத் துணைகொண்டு ஏழைகளுக்கு இலவச மனநல சிகிச்சை அளிக்கிறது. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் நிறுவிய சினேகா, தற்கொலை எண்ணத்தில் தவிப்போர் சொல்வதைத் தன்னார்வலர்களைக் கொண்டு கேட்கிறது. இலங்கையின் சுமித்ரயோ 1974-இல் தொடங்கிய இதே வகை அமைப்பு. இவற்றில் தன்னார்வலர் அறிவுரை சொல்வதில்லை, கேட்கிறார். ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு இதுவே கடினமான பாடம்.

சட்டமும் எல்லைகளும்

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி 28 பேர் இறந்தனர். 2018 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை தருகிறது. தன்னார்வலர் தாமாக அந்த இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோயிலிலோ தேவாலயத்திலோ தர்காவிலோ வேண்டிக்கொள்ளும் குடும்பத்துடன் வழக்காடுவதால் பயனில்லை. மாத்திரையும் தொடரட்டும் என்று கேட்டுக்கொண்டால் பலர் இசைவர். நோயாளியின் பணத்தையோ ஏடிஎம் அட்டையையோ பொறுப்பேற்பது தவறு. மார்த்தாண்டம் சந்தையில் அவரை எதிர்ப்பட்டால் சிகிச்சையைப் பற்றிப் பேசாதிருப்பதே முறை. ஆனால் சாகப்போவதாக அவர் சொன்னால் அதை ரகசியமாக வைத்திருக்கலாகாது. அவரைத் தனியே விடாமல் வீட்டாருக்கும் மருத்துவருக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

தன்னார்வலர் இப்பணியிலிருந்து விலக நேர்ந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லி, அடுத்து வருபவரைத் தாமே வீட்டிற்கு அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துவது நல்லது. சொல்லாமல் நின்றுவிட்டால், தம்மிடம் ஏதோ குற்றம் கண்டே அவர் வரவில்லை என்று நோயாளி எண்ணிக்கொள்ளக்கூடும்.