சீருடைக்குப் பின் ஒரு சான்றிதழ்

திறமை வேறு, திறமைக்கான சான்று வேறு. போர்முனையில் வானொலிக் கருவியை இருட்டிலேயே பிரித்துப் பழுது பார்த்த வீரன், ஊர் திரும்பி வேலை கேட்கும்போது, "உன்னிடம் என்ன சான்றிதழ் இருக்கிறது?" என்ற கேள்வியைத்தான் முதலில் சந்திக்கிறான். இந்தக் கேள்விக்கு அமெரிக்கா எண்பது ஆண்டுகளாகப் பணம் கொடுத்துப் பதில் தேடி வருகிறது. கணினித் துறையில் பயிலும் நான், சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. தேர்வுக்குத் தயாரானபோதுதான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். அத்தேர்வுக்குக் கட்டணம் 300 அமெரிக்க டாலர். நம்மைப் போன்ற மாணவர்களுக்கு அது சில மாதச் செலவுப் பணம். அங்குள்ள முன்னாள் வீரருக்கோ அதை அரசாங்கமே கொடுத்துவிடுகிறது. எப்படிக் கொடுக்கிறது, அதில் நமக்கு என்ன பாடம் என்பதையே இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1944இல் பிறந்த சட்டம்

முதல் உலகப் போரில் பங்கேற்ற வீரர்கள் தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட ஊக்கத்தொகையைக் கேட்டு 1932இல் வாஷிங்டனில் ஆயிரக்கணக்கில் திரண்டனர். அந்த நிலை மீண்டும் வரக்கூடாது என்ற அச்சமும் சேர்ந்துதான், 1944 ஜூன் 22ஆம் நாள் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட புதிய சட்டத்திற்கு வழிவகுத்தது. மக்கள் அதை 'ஜி.ஐ. பில்' என்று அழைத்தனர். ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணமும் மாதந்தோறும் வாழ்க்கைச் செலவுக்கு ஒரு தொகையும் வழங்கப்பட்டன.

ஜி.ஐ. பில் என்றாலே பல்கலைக்கழகம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. உண்மை வேறு. அச்சட்டத்தின் கீழ் ஏறக்குறைய 78 இலட்சம் பேர் படிப்போ பயிற்சியோ பெற்றனர். அவர்களுள் பல்கலைக்கழகம், கல்லூரி சென்றவர்கள் சுமார் 22 இலட்சம் பேர் மட்டுமே. மற்றவர்கள் தொழிற்கல்வியும் பணியிடப் பயிற்சியும் பெற்றவர்கள். ஆக, கைத்தொழிலுக்கு உதவியதே அச்சட்டத்தின் பெரும்பகுதி எனலாம். ஆயினும், நடைமுறைப் பொறுப்பு உள்ளூர் அதிகாரிகளிடம் இருந்ததால், தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்கள் பலருக்கு அந்தக் கதவு திறக்கவே இல்லை என்பதும் வரலாறு.

புதிய சட்டமும் அதன் இடைவெளியும்

2008இல் கொண்டுவரப்பட்டு 2009 ஆகஸ்ட் 1ஆம் நாள் நடப்புக்கு வந்த புதிய ஜி.ஐ. பில், 2001 செப்டம்பர் 11க்குப் பின் பணியாற்றியவர்களுக்கானது. பொதுவாக 36 மாதப் படிப்புக்கு இது உதவுகிறது. 36 மாதங்கள் முழுநேரப் பணியாற்றியவருக்கு முழு உதவி. குறைந்த காலம் பணியாற்றியவருக்கு அதற்கேற்ற விழுக்காடு. கட்டணத்தோடு வீட்டு வாடகைப் படியும், ஆண்டுக்கு 1,000 டாலர் வரை நூல்களுக்கான தொகையும் உண்டு.

வியப்பு என்னவென்றால், தொடக்கத்தில் இச்சட்டம் பட்டம் வழங்கும் கல்விக்கூடங்களையே முதன்மையாகக் கருதியது. பட்டம் வழங்காத தொழிற்பயிற்சி நிலையங்கள் 2011 அக்டோபரில்தான் இதனுள் சேர்க்கப்பட்டன. 1944இல் தெளிவாக இருந்த ஒன்றை 2008இல் மறந்து, பிறகு திருத்த வேண்டியதாயிற்று. படிப்பு என்றால் பட்டம்தான் என்ற எண்ணம் நம் வீடுகளில் மட்டும் இல்லை போலும்!

தேர்வுக் கட்டணம் எப்படிக் கிடைக்கிறது?

சான்றிதழ்த் தேர்வுக்கான முறை எளிமையானது. தேர்வு அரசு அங்கீகரித்த பட்டியலில் இருக்க வேண்டும். வீரர் முதலில் தம் பணத்தைக் கட்டித் தேர்வு எழுதுகிறார். பிறகு இரசீதோடு விண்ணப்பித்துப் பணத்தைத் திரும்பப் பெறுகிறார். ஒரு தேர்வுக்கு 2,000 டாலர் வரை கிடைக்கும். தோற்றாலும் கிடைக்கும். மறுபடி எழுதினாலும் கிடைக்கும்.

ஆனால், இது இலவசம் அன்று. அவருடைய 36 மாதக் கணக்கிலிருந்து அதற்கான பங்கு கழிக்கப்படும். 2017இல் செய்யப்பட்ட திருத்தத்தால், 2018 ஆகஸ்ட் முதல் கட்டணத்திற்கு ஏற்ற அளவு மட்டுமே கழிக்கப்படுகிறது. ஆகவே, தேர்வு மலிவாகவும் கையில் சேமிப்பும் இருந்தால் சொந்தப் பணத்தைக் கட்டிவிட்டு, அந்த மாதங்களைப் பெரிய படிப்புக்குச் சேமிப்பதா என்று ஒருவர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பணம் இருக்கும் இடத்தில்

அரசாங்கம் பணம் கட்டுகிறது என்றால், அதை வாங்கிக்கொள்ளக் கடைகளும் திறக்கப்படும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீரர்களின் பணத்தைக் குறிவைத்தே பல பயிற்சி நிலையங்கள் முளைத்தன. எனவே, 1952இல் வந்த சட்டம் ஒரு நல்ல விதியைச் சேர்த்தது. ஒரு பயிற்சியில் சேருவோரில் 85 விழுக்காட்டுக்கு மேல் அரசு உதவியில் படிப்பவராக இருக்கக்கூடாது. சொந்தப் பணம் கட்டிச் சிலராவது சேருகிறார்கள் என்றால்தான் அப்பயிற்சிக்கு உண்மையில் மதிப்பு இருக்கிறது என்பது அதன் பொருள்.

பின்னாளில் வேறொரு ஓட்டை தெரிந்தது. இலாப நோக்குக் கல்லூரிகள் தங்கள் வருவாயில் குறைந்தது 10 விழுக்காட்டை மத்திய அரசின் மாணவர் உதவிக்கு வெளியே ஈட்ட வேண்டும் என்பது விதி. அக்கணக்கில் ஜி.ஐ. பில் பணமும் 'வெளிப் பணமாகவே' கொள்ளப்பட்டது! ஆகவே, வீரர்களைச் சேர்ப்பதில் அக்கல்லூரிகளுக்குத் தனி ஆர்வம் உண்டாயிற்று. 2021இல்தான் சட்டம் இதைத் திருத்தியது. இடையில், 2016 செப்டம்பரில் ஐ.டி.டி. தொழில்நுட்பக் கல்லூரி நாடு முழுவதும் மூடப்பட்டது. அங்குப் படித்த வீரர்கள் செலவழித்த மாதங்களை மீட்டுத்தர 2017இல் தனி ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

2019 முதல் 2024 வரை நடந்த 'வெட் டெக்' என்ற முன்னோட்டத் திட்டம் இதற்கு ஒரு விடை கண்டது. கணினி நிரலாக்கம், தரவுச் செயலாக்கம் போன்ற குறுகியகாலப் பயிற்சிகளுக்கானது அது. பயிற்சி நிலையத்திற்குக் கட்டணம் மூன்று தவணைகளாகக் கொடுக்கப்பட்டது. மாணவர் சேர்ந்ததும் 25 விழுக்காடு, முடித்ததும் 25 விழுக்காடு, அத்துறையில் 180 நாட்களுக்குள் வேலை கிடைத்தால்தான் மீதி 50 விழுக்காடு. வேலை கிடைக்காவிட்டால் நட்டம் மாணவருக்கு மட்டுமன்று, கற்றுக் கொடுத்தவருக்கும்தான். என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு விதியே இத்தனை ஆண்டு வரலாற்றில் மிகச் சிறந்தது. உதவித் தொகையின் பெருமை அதன் அளவில் இல்லை. யாருக்கு, எப்போது, எதன்பேரில் கொடுக்கப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது.

நம் நாட்டில்

மலேசியாவிலும் இராணுவத்திலிருந்து விடைபெறுவோருக்குத் தொழிற்பயிற்சி அளிக்கும் அமைப்பு உண்டு. சுங்கை பூலோவில் இயங்கும் பெர்ஹெபாட்தான் அது. 21 ஆண்டு பணியாற்றி ஓய்வூதியத்தோடு வெளியேறும் ஒரு சிப்பாய்க்கு வயது நாற்பதுதான் ஆகியிருக்கும். பிள்ளைகள் இன்னும் பள்ளியில் இருப்பார்கள். என் மாமா ஒருவரும் அப்படித்தான். அத்தனை காலமும் இராணுவ லாரிகளின் இயந்திரத்தோடு வாழ்ந்தவர். வெளியே வந்து ஒரு பட்டறைக்குப் போனபோது, "எஸ்.கே.எம். இருக்கா அண்ணே?" என்றுதான் கேட்டார்களாம். "லாரியைக் காட்டு, காதால் கேட்டே கோளாறு சொல்கிறேன்" என்று சொல்ல வாய் வந்தும் அடக்கிக்கொண்டதாகச் சொன்னார்.

அவரைப் போன்றவர்களுக்குப் புதிதாகப் பயிற்சி தேவையில்லை. இருக்கும் திறமைக்கு அங்கீகாரமே தேவை. பணி அனுபவத்தைச் சான்றுகளோடு தொகுத்துக் காட்டி, வகுப்பில் அமராமலேயே எஸ்.கே.எம். பெறும் பி.பி.தி. முறை நம் திறன் மேம்பாட்டுத் துறையிடம் உள்ளது. அமெரிக்காவிலும், இராணுவத்தில் கனரக வாகனம் ஓட்டிய அனுபவம் உள்ளவருக்கு ஓட்டுநர் உரிமத்தின் செய்முறைத் தேர்விலிருந்து விலக்களிக்க மாநிலங்களுக்கு 2011இல் அனுமதி தரப்பட்டது. தெரிந்ததையே மறுபடி காசு கட்டிப் படிக்க வேண்டியதில்லை என்பதுதானே நியாயம்?

இராணுவத்திற்குப் போகாத நமக்கும் இதில் பங்குண்டு. எஸ்.பி.எம். முடித்து, பி.தி.பி.கே. கடனில் தொழிற்பயிற்சிக்குச் செல்லும் நம் தம்பி தங்கைகள் பலர். அமெரிக்க வீரருக்குக் கிடைப்பது சேவைக்கான உரிமை. நம்மவர் பெறுவதோ திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். ஆகவே, நாம் இன்னும் கூடுதலாக விசாரிக்க வேண்டும். இந்தச் சான்றிதழை வேலை கொடுப்பவர் கேட்கிறாரா? சொந்தப் பணம் கட்டி இங்கே யாராவது படிக்கிறார்களா? முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? இம்மூன்றுக்கும் நேரான பதில் தராத கல்லூரியின் பாரத்தில் எந்தத் தம்பியும் தங்கையும் கையெழுத்திட வேண்டாம்.