வைக்கோல் போர் அடியில் முப்பது படம்

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்து, மூன்றாம் நாள் விடியலில் வெறித்திருக்கும். அந்த நேரம் பார்த்து வைக்கோல் போரின் அடியில் குனிந்து பாருங்கள். விரல் நீளத் தண்டு, அதன்மேல் முட்டை வடிவில் ஒரு சாம்பல் நிறக் குடை, குடைமேல் பஞ்சைப் பிய்த்துத் தூவினாற்போல வெள்ளைத் துகள்கள். இங்க் கேப் என்ற வகைக் காளான் இது. எங்கள் ஊரில் இதற்கென்று தனிப் பெயர் கிடையாது, எல்லாமே நாய்க்குடைதான். கையில் மேக்ரோ லென்ஸ் இருந்தால் உடனே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். வெயில் ஏறினால் குடையின் விளிம்பு சுருண்டு, கறுத்து, மையாகச் சொட்ட ஆரம்பித்துவிடும்.

முதல் படத்தை எடுத்ததும் எல்லோருக்கும் வருவது ஏமாற்றம்தான். குடையின் முன்பக்கத்தில் ஒரு துகள் மட்டும் பளிச்சென்று இருக்கும். அதை ஒட்டிய துகளே மங்கல். தண்டு எங்கோ பனியில் நிற்கும். லென்ஸ் கெட்டுவிட்டதோ என்று நான்கூட ஒருமுறை துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறேன். கெடவில்லை, அதன் இயல்பே அதுதான்.

மேக்ரோ லென்ஸ் என்று முழுத் தகுதியோடு சொல்லப்படுவது 1:1 அளவில் படம் பிடிக்கும். அதாவது, ஒரு செண்டிமீட்டர் காளான் கேமராவின் சென்சார்மேலும் ஒரு செண்டிமீட்டராகவே விழும். 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரில் இந்தக் குடையும் தண்டின் மேல்பகுதியும் சேர்ந்து படத்தை நிறைத்துவிடும். இவ்வளவு நெருங்கிப் போனதற்கு விலை உண்டு. அப்பர்ச்சரை எஃப் 8-இல் வைத்தால் ஃபோகஸில் தெளிவாக நிற்கும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். பொரிக்காத அப்பளத்தின் கனம். இந்தக் குடையோ முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை பதினைந்து மில்லிமீட்டர்.

அப்பர்ச்சரை இன்னும் சுருக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றும். எஃப் 22 வரை சுருக்கலாம். ஆழமும் கொஞ்சம் கூடும். ஆனால் சின்னத் துளை வழியே போகும் ஒளி விரிந்து பரவிவிடும். டிஃப்ராக்ஷன் என்பார்கள். 1:1-இல் இந்தத் தொல்லை இரட்டிப்பு. அந்த நெருக்கத்தில் எஃப் 16 என்று வைத்தது நடைமுறையில் எஃப் 32 போல வேலை செய்யும். எல்லாம் ஃபோகஸில் இருக்கும், எதுவுமே கூர்மையாக இருக்காது. அந்த வெள்ளைத் துகளின் இழை இழையான அமைப்பு கரைந்து, தயிரைப் பூசியதுபோல ஆகிவிடும்.

அதனால் வேறு வழி. வாழைக்காயைச் சீவுவதுபோலக் காளானை மெல்லிய சீவல்களாகப் படம் பிடிப்பது. ஒவ்வொரு படத்திலும் ஒரு சீவல்தான் தெளிவு. பிறகு எல்லாப் படத்திலிருந்தும் தெளிவான பகுதிகளை மட்டும் பொறுக்கிக் கணினி ஒன்றாக ஒட்டித் தரும். ஃபோகஸ் ஸ்டாக்கிங் என்பது இவ்வளவுதான்.

லென்ஸ் நன்றாக வேலை செய்யும் எஃப் 5.6-ஐ எடுத்துக்கொள்வோம். சீவலின் கனம் முக்கால் மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு சீவல் அடுத்ததன்மேல் சற்றே ஏறி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிய படத்தில் இடையிடையே மங்கல் பட்டை தெரியும். ஆகவே அரை மில்லிமீட்டருக்கு ஒரு படம். பதினைந்து மில்லிமீட்டருக்கு முப்பது. ஆனால் காளானின் கண்மட்டத்திலிருந்து பார்க்கும்போது குடையின் பின்பாதி நமக்குத் தெரியவே தெரியாது. தெரியாததை எதற்குச் சீவ வேண்டும்? முன்பக்கத்திலிருந்து தண்டுவரை பதினாறு, பதினேழு படம் போதும். தரையோடு தரையாகப் படுத்து, குடையின் அடியில் விசிறிபோல விரியும் செவுள்களைக் கீழிருந்து எடுப்பதானால்தான் முழு முப்பதும் வேண்டும். நான் பெரும்பாலும் படுத்துவிடுவேன். காளானின் அழகில் பாதி அடியில்தான் இருக்கிறது. மேலிருந்து எடுத்த படம் பொத்தானை எடுத்த படம் மாதிரி.

ஃபோகஸை நகர்த்துவதை இப்போது கேமராவே செய்துவிடுகிறது. 2015-இல் ஒலிம்பஸ் கேமராக்களில் இந்த வசதி வந்தது, 2017-இல் நிக்கான் டி850-இல். எத்தனை படம், எவ்வளவு இடைவெளி என்று சொல்லிவிட்டால் தானே எடுத்து முடித்துவிடும். இடைவெளிக்கு அது தரும் எண்கள் மில்லிமீட்டர் அல்ல. உங்கள் லென்ஸுக்கு எந்த எண் சரி என்பதை வீட்டில் ஸ்கேலைச் சாய்த்து வைத்துப் பழகிக்கொள்ளுங்கள். பழைய கேமரா என்றால் லென்ஸின் வளையத்தை மயிரிழை மயிரிழையாகக் கையால் திருப்ப வேண்டும். முடியாத வேலையில்லை, பொறுமைதான் வேண்டும். எது எப்படியானாலும் காளானின் முன்விளிம்புக்கும் கொஞ்சம் முன்னாலிருந்தே தொடங்குங்கள். முதல் படம் வீணாகலாம். மூக்கு மங்கிய காளானை ஒன்றும் செய்ய முடியாது.

முப்பது படம் எடுக்கும்வரை எதுவும் அசையக் கூடாது. இங்கேதான் ஆள் திணறுவது. ட்ரைபாட் வைத்தாலும் வைக்கோல்மேல் வைத்தால் அமுங்கும். மணலோ அரிசியோ நிரப்பிய சின்னத் துணிப்பைமேல் கேமராவை உட்கார வைத்து, இரண்டு நொடி டைமரில் விடுவது இன்னும் நல்லது. காற்றைத் தடுக்க மழைக்குடையை விரித்துச் சாய்த்து வையுங்கள். வெள்ளைக் குடையானால் ஒளியையும் மென்மையாக்கித் தரும். நிழல் விழுந்த அடிப்பக்கத்துக்கு ஒளி வேண்டுமா, மிக்சர் பாக்கெட்டைக் கிழித்து உள்பக்க வெள்ளியைத் தண்டருகில் காட்டுங்கள். கடையில் வாங்கும் ரிஃப்ளெக்டர் இந்த அளவு வேலைக்குப் பெரிது. நனைந்த காளான் குடை பளபளத்தால் போலரைசர் ஃபில்டர் அந்த வெள்ளைத் திட்டை எடுத்துவிடும்.

இவ்வளவும் செய்து, ஒருநாள் வீட்டுக்கு வந்து படங்களை ஒட்டிப் பார்த்தால் குடைமேல் ஒரே மாதிரி ஏழு பூச்சிகள் வரிசையாக நின்றன. கடுகைவிடச் சின்னது, காளானை மேய வரும் துள்ளுபூச்சி. இருந்தது ஒன்றுதான். நான் சீவிக்கொண்டிருந்தபோது அது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ஒட்டுவதற்கு ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர் இரண்டும் இதற்கென்றே உள்ள மென்பொருள்கள். ஃபோட்டோஷாப்பிலும் செய்யலாம். ஸெரீனில் இரண்டு முறைகள்: பிமேக்ஸ், டிமேப். ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடும் மெல்லிய இழைகளைப் பிமேக்ஸ் நன்றாகப் பிரித்துக் காட்டும். ஆனால் புள்ளி இரைச்சல் ஏறும், நிறமும் கொஞ்சம் முறுக்கேறும். டிமேப் நிறத்தை அப்படியே வைத்திருக்கும். ஆனால் குடையின் விளிம்பைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம் விழலாம். நம் வைக்கோல் காளானுக்கு டிமேப்பில் ஒட்டி, துகள்கள் இருக்கும் இடத்தில் மட்டும் பிமேக்ஸ் படத்திலிருந்து தூரிகையால் எடுத்துப் பூசுவது என் வழக்கம்.

ஸ்டாக்கிங் கைவந்த புதிதில் பின்னாலிருக்கும் வைக்கோலையும் சேர்த்து எண்பது, நூறு என்று அடுக்கத் தோன்றும். வேண்டாம். பின்னணிவரை கூர்மையானால் காளான் அதற்குள் தொலைந்துபோகும், பாடநூல் படம்போலத் தட்டையாகும். காளானின் கடைசி விளிம்போடு நிறுத்தினால் பின்னால் வைக்கோல் பொன்னிறப் புகையாக நிற்கும்.

செல்போன்தான் இருக்கிறது என்றால் கவலை வேண்டாம். அதன் சென்சார் மிகச் சின்னது, ஆகவே ஃபோகஸ் ஆழம் தானாகவே அதிகம். ஒரே படத்தில் முழுக் காளானும் ஓரளவு வந்துவிடும். நுணுக்கம் குறையும், அவ்வளவுதான்.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போக ஆசை வந்தால் தென்மேற்குப் பருவமழைக் காலம் நல்லது. வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. அனுமதியோடு போனாலும் தரையில் படுத்துப் படமெடுக்கிற ஆளை அட்டைகள் விடாது. முழங்கால்வரை இறுக்கிக் கட்டும் துணியுறை இல்லாமல் போகாதீர்கள்.

என்ன காளான் என்று தெரிந்தவரிடம் கேட்பதானால் அழகுப் படம் மட்டும் உதவாது. செவுள், தண்டிலுள்ள வளையம், தண்டின் அடி, முளைத்த இடம் எல்லாம் தெரிய வேண்டும். பிடுங்கத் தேவையில்லை, சின்னக் கைக்கண்ணாடியைக் குடைக்கடியில் நீட்டினால் செவுள் கண்ணாடியில் தெரியும், அதைப் படமெடுக்கலாம். படத்தைப் பார்த்து யாராவது தின்னலாம் என்று சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

மணி ஒன்பது. வைக்கோல் போரின் அடியில் குடையின் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டுவிட்டது. செவுள்கள் ஓரத்திலிருந்து தம்மைத் தாமே கரைத்துக்கொண்டு, வித்துகளோடு சேர்ந்து கருமையாகச் சொட்டுகின்றன. ஒரு சொட்டு வெளிர்மஞ்சள் வைக்கோல் தாள்மேல் விழுந்து நிற்கிறது. இதற்கு ஒரே படம் போதும்.