ஆழம் கணக்கிட்டு இறங்குவோம்
(டைவிங் எழுத்துத் தேர்வு பற்றி ஒரு விளக்கம்)



ராயபுரம் முதல் எண்ணூர் வரை நமக்குக் கடல்தான் எல்லை. சென்னைத் துறைமுகம், காசிமேடு, காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று வரிசையாகத் துறைமுகங்கள். துறைமுகம் என்றால் கப்பலின் அடிப்பாகத்தைப் பார்க்கவும், ப்ரொப்பெல்லரில் சுற்றிய வலையை அறுக்கவும் தண்ணீருக்குள் இறங்க ஆள் வேண்டும். நம் பகுதியில் நீச்சல் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சர்டிபிகேட் இல்லாமல் டைவர் ஆக முடியாது. அதற்கு எழுத்துத் தேர்வு உண்டு.

என் அத்தை மகன் காசிமேட்டுக்காரர். தண்ணீரில் மீன் மாதிரி. ஆனால் எழுத்துத் தேர்வில் ஒருமுறை தவறிவிட்டார். "கடல்ல எறங்க எனக்கு இன்னாடா பயம்? பேப்பரப் பாத்தாத்தான் மூச்சு முட்டுது" என்பார். அவருடைய புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் நாம் முதலாண்டில் படித்த பிசிக்ஸ்! அதனால்தான் இந்தக் கட்டுரை.

என்ன கேட்பார்கள்?

1966-ல் அமெரிக்காவில் தொடங்கிய பேடி அமைப்பின் 'டைவ்மாஸ்டர்' தேர்வை எடுத்துக்கொள்வோம். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். இயற்பியல், உடலியல், கருவிகள், டீகம்ப்ரஷன் அட்டவணை, டைவிங் திறனும் சூழலும் எல்லாம் வரும். தேற 75 சதவீதம் வேண்டும். நம்மைப் போல 40 எடுத்துத் தப்பிக்க முடியாது! துறைமுக வேலைக்கான கமர்ஷியல் டைவர் படிப்பு வேறு. ஆனால் அதற்கும் அஸ்திவாரம் இதே பாடங்கள்தான்.

பாயில் விதி

கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் ஒரு அட்மாஸ்பியர் கூடும். மேலே 1, 10 மீட்டரில் 2, 20-ல் 3, 30-ல் 4. அழுத்தம் எத்தனை மடங்கோ, காற்றின் கன அளவு அத்தனை பங்காகச் சுருங்கும். 10 மீட்டர் ஆழத்தில் சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, தம் கட்டியபடி மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்துவிடும். 'மூச்சை அடக்காதே' என்ற முதல் விதிக்குக் காரணம் இதுதான்.

சிலிண்டர் கணக்கும் இதில்தான் வரும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2400 லிட்டர் காற்று. அதில் 50 பார், அதாவது 600 லிட்டர், கையிருப்பு, தொடக்கூடாது. மீதி 1800. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவருக்கு 30 மீட்டரில் 80 லிட்டர் செலவாகும். 1800-ஐ 80-ஆல் வகுத்தால் இருபத்திரண்டரை நிமிடம். அவ்வளவுதான் காற்று!

ஆர்க்கிமிடீஸ்

156 கிலோ நங்கூரம் 20 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அது அடைக்கும் இடம் 20 லிட்டர். தூக்க எவ்வளவு காற்று வேண்டும்? ஒரு லிட்டர் கடல்நீர் 1.03 கிலோ. 20-ஐ 1.03-ஆல் பெருக்கினால் 20.6 கிலோவைக் கடலே தாங்கும். மீதி 135.4 கிலோ. அதை 1.03-ஆல் வகுத்தால் சுமார் 131.5 லிட்டர், லிஃப்ட் பேக்கில் அதற்கு மேல் காற்று ஏறினால் நங்கூரம் கிளம்பும். இதுவரை ஆழம் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மேலிருந்து எவ்வளவு காற்று அனுப்ப வேண்டும் என்று கேட்டால்தான் 3-ஆல் பெருக்க வேண்டும்: சுமார் 394 லிட்டர். எடையைப் போய் ஆழத்தால் பெருக்கினால் மார்க் போச்சு.

ஹென்றி விதியும் கோலி சோடாவும்

கோலியைத் தட்டியதும் சோடா பொங்குகிறதல்லவா? அழுத்தத்தில் கரைந்த வாயு, அழுத்தம் சட்டென்று குறைந்ததும் குமிழாகிறது. ஆழத்தில் நைட்ரஜன் நம் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. அவசரமாக மேலே வந்தால் உடம்பே சோடா பாட்டில்தான். மூட்டுவலி, மரத்துப்போதல், பக்கவாதம் வரை போகும். இதற்குப் பெயர் 'பெண்ட்ஸ்'.

தூத்துக்குடிப் பக்கம் சங்கு குளித்த பெரியவர்கள் ஒரே மூச்சில் போய் வந்தார்கள். நைட்ரஜன் அதிகம் கரைய நேரமில்லை. சிலிண்டரும் கம்ப்ரசர் குழாயும் வந்தபின் கீழே நெடுநேரம் இருக்கலாம். தாத்தாவுக்கு வராத நோய் பேரனுக்கு வருவது இதனால்தான். கடல் அதேதான், கணக்கு மாறிவிட்டது.

ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908-ல் ஆடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டார். உடம்பை 5, 10, 20, 40, 75 நிமிட 'அரைநேரம்' கொண்ட ஐந்து பகுதிகளாகப் பிரித்தார். 20 நிமிடப் பகுதி 20 மீட்டரில் இருந்தால், 20 நிமிடத்தில் பாதி, 10 மீட்டர் அளவு நிரம்பும். 40-ல் 15, 60-ல் 17.5. ஒவ்வொரு முறையும் மீதியில் பாதி. இது புரிந்தால் அட்டவணை கேள்விகள் சுலபம்.

எப்படிப் படிப்பது?

முதலில் படம் போடுங்கள்: மேலே கோடு, கீழே பொருள், பக்கத்தில் அழுத்தம். கேள்வி கடல்நீரா, நன்னீரா என்று அடிக்கோடு போடுங்கள், நன்னீருக்கு 1.03 கிடையாது. ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் அர்த்தம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தவறிய கேள்வியை மறுநாள் புத்தகம் பார்க்காமல் போட்டுப் பாருங்கள்.

நண்பர்களே, நம் தெருவிலேயே கடலை அறிந்த அண்ணன்மார் எத்தனையோ பேர், பேப்பருக்குப் பயந்து ஒதுங்கி நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாயில் விதியைச் சொல்லிக்கொடுங்கள். அவர்களுக்கு வேலை கிடைக்கும். நமக்கும் பாடம் மறக்காது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் முன்னோர். அந்த ஆழத்தைக் கணக்குப் போட நாம் படித்திருக்கிறோம்.