திலாப்பியா வளர்ப்பில் இலாபம் உண்டா?

நமது நாட்டின் நன்னீர் மீன்களுள் சந்தையில் மிகுதியாகக் காணப்படுவது திலாப்பியா. ஆயினும் அது இம்மண்ணுக்குரிய மீனன்று. ஆபிரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த மொசாம்பிக் திலாப்பியா 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அதனினும் விரைவாக வளரும் நைல் திலாப்பியா 1975ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. இலங்கையில் இயற்கையான ஏரிகள் இல்லை. ஆகவே பரந்து நிற்கும் நீருக்கென்றே அமைந்த மீனினமும் இங்கு இருக்கவில்லை. பண்டைய மன்னர் கட்டிய குளங்களில் கிடந்த அவ்வெற்றிடத்தை இவ்விரு விருந்தாளிகளும் நிரப்பிவிட்டன. இரணைமடுவிலும் பராக்கிரம சமுத்திரத்திலும் தோணி விடுவோரின் வலையை நிறைப்பவை இவையே.

குளத்தில் இத்துணை செழிக்கும் மீனை வளவில் ஒரு தடாகம் வெட்டி வளர்த்தால் என்ன? இவ்வெண்ணம் பலருக்கும் எழுகின்றது. ஓய்வுபெறும்போது கைக்கு வரும் பணத்தை இதில் இடலாமா என வினவுவோரும் உளர். மண்வெட்டியை எடுக்குமுன் கணக்கைப் பார்ப்பது நலம்.

விலைகள் வாரத்துக்கு வாரம் மாறுவன. ஆதலால் ரூபாவிற் பாராது மீனிலேயே கணக்கிடுவோம். நான்கு பரப்பு நிலத்தில், அதாவது ஏறக்குறைய 1,000 சதுர மீற்றரில், ஒரு தடாகம் இருப்பதாகக் கொள்வோம். சதுர மீற்றருக்கு 2 வீதம் 2,000 குஞ்சுகள் விடுகின்றோம். நீர்க்காகமும் நோயும் கொண்டுபோனவை நீங்க 1,600 மீன்கள் தேறினால், ஆறு மாத அளவில் ஒவ்வொன்றும் 250 கிராம் வீதம் 400 கிலோ கிடைக்கும். ஒரு கிலோ மீன் விளையச் சுமார் ஒன்றரைக் கிலோ உணவு வேண்டும். எனவே 600 கிலோ உணவு செலவாகும். ஒரு கிலோ உணவின் விலை ஒரு கிலோ மீன் விலையிற் பாதியென வைத்துக்கொண்டால், 300 கிலோ மீனை உணவு வியாபாரிக்கே கொடுத்துவிட்டோம் என்பது பொருள். எஞ்சிய 100 கிலோவில் குஞ்சு, சுண்ணாம்பு, நீரிறைக்கும் செலவு, காவல், கூலி யாவும் அடங்க வேண்டும். தடாகம் வெட்டிய முதலுக்கு வட்டியை நாம் இன்னும் எண்ணவேயில்லை!

இக்கணக்கைத் திருத்த வல்லது பச்சை நீர். நைல் திலாப்பியா நீரில் மிதக்கும் நுண்ணிய பாசியையும் உண்டு வளரும். தடாகத்துக்குச் சுண்ணாம்பிட்டு, கோழி எருவோ மாட்டெருவோ அளவாகச் சேர்த்தால், வெயில் நமக்காக வேலை செய்து நீரைப் பசுமையாக்கும். முழங்கை வரை கையை நீரில் விட்டால் உள்ளங்கை கண்ணுக்கு மறைய வேண்டும். அதுவே தக்க அளவு. அதற்கு மேலும் பசுமை கூடினால் விடியற்காலையில் பிராணவாயு குறைந்து, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும். அத்தகைய நாளில் எருவையும் உணவையும் நிறுத்திப் புது நீர் பாய்ச்ச வேண்டும். பச்சை நீரோடு தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் இட்டு, விலைக்கு வாங்கும் உணவை 300 கிலோவாகக் குறைக்க இயலுமாயின், உணவுக்குப் போகும் பங்கு 150 கிலோ மீனாகக் குறையும். தவிடும் புண்ணாக்கும் வீட்டிலேயே உள்ளவனுக்கு மிச்சம் 250 கிலோவை நெருங்கும். இலாபமும் நட்டமும் பிரியுமிடம் இதுவே.

அடுத்து வருவது திலாப்பியாவின் பெருங்குறை: அளவுக்கு மீறிய சந்தான பாக்கியம். மொசாம்பிக் இனம் இரண்டு மூன்று மாதங்களிலேயே பருவமடைந்துவிடும். தாய்மீன் முட்டைகளை வாயிற் காத்துப் பொரிப்பதால் குஞ்சுகள் வீணாவது குறைவு. சில வாரங்களுக்கு ஒருமுறை புதுக் கூட்டம் பிறக்கும். தடாகத்தின் உணவைப் பேரப்பிள்ளைகளெல்லாம் பங்கிட்டுக்கொள்ள, எதுவும் வளராது. அறுவடையன்றும் 400 கிலோ வரலாம். ஆனால் அதிற் பாதி ஒருவரும் வாங்காத விரலளவுப் பொடியாயின், விற்கத்தக்க 200 கிலோவைக் கொண்டு 300 கிலோவுக்குரிய உணவுக் கடனைத் தீர்ப்பது எவ்வாறு?

விந்தை என்னவெனில், பெருங்குளங்களைக் காத்தது இதே குணந்தான். 1990ஆம் ஆண்டில் உள்நாட்டு மீன்பிடிக்கு அரசாங்கம் அளித்துவந்த ஆதரவு நிறுத்தப்பட்டது. 1994இல்தான் மீண்டும் தொடங்கியது. குஞ்சு விட ஆளில்லாத அவ்வாண்டுகளில், மனிதர் கையால் விடப்பட வேண்டிய கெண்டையினங்கள் குன்றின. தானே பெருகும் திலாப்பியா நிலைத்தது. குளத்துக்கு வரமாயிருப்பது தடாகத்துக்குச் சாபம்.

ஆகவே தடாகத்தில் ஆண்மீன்களை மட்டும் வளர்க்கின்றனர். அவை வளர்வதும் விரைவு. பொரித்த சிறு குஞ்சுகளுக்கு மூன்று நான்கு வாரம் ஹோர்மோன் கலந்த உணவூட்டி ஆணாக்குதல் பல நாடுகளிலும் வழக்கம். மீன் விலைக்கு வருமுன் மாதங்கள் பல கழிந்துவிடுவதால் மருந்தின் எச்சம் உடலில் தங்குவதில்லை என்பது ஆராய்ச்சியாளர் கூற்று. இதை விரும்பாதோர் குஞ்சு 20, 30 கிராம் ஆனபின் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துப் பெண்ணை நீக்கலாம். பொறுமையும் பழகிய கண்ணும் வேண்டும். பின்னர் சில விரால்களை விட்டுப் பிறக்கும் பொடியைத் தின்னச் செய்வதும் உண்டு. விராலுக்கு நல்ல விலையிருப்பதால் இம்முறையை நாம் பெரிதும் விரும்புகின்றோம். ஆனால் திலாப்பியா சற்று வளருமுன் விராலை விட்டால் முதலே பறிபோகும்.

எப்போது விற்பது என்பதும் ஒரு கலை. 400 கிலோ மீன் நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ உணவு தின்னும். அதன் பெறுமதி 5 கிலோ மீன். ஒவ்வொரு மீனும் தினம் 3 கிராமுக்கு மேல் வளராவிட்டால், இன்னும் பெருக்கட்டும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நட்டமே. விற்பதற்குச் சில நாள் முன்பு உணவை நிறுத்தித் தெளிந்த நீரில் விட்டால், கடல்மீன் பழகிய நம் வீடுகளில் வெறுக்கும் சேற்று வாடையும் நீங்கும்.

இனிச் சந்தைக்கு வருவோம். குளத்து மீனைப் பெட்டியிற் கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுவருபவர் உணவுக்கென ஒரு சதமும் செலவிட்டவரல்லர். கிராமத்துச் சந்தையில் விலை வைப்பவர் அவரே. குளத்துக்கு அருகிலுள்ள ஊரில் உணவு வாங்கித் தடாக மீன் வளர்ப்பவர் அவரோடு போட்டியிட முடியாது. குளமும் கடலும் எட்டாத ஊரிலோ, உயிர்மீனைக் கரையிலேயே வாங்கும் அயலார் உள்ள இடத்திலோ அவருக்கு வழியுண்டு.

மற்றொரு வழியும் உண்டு. ஏற்கெனவே தோட்டத்துக்கென நீர் தேக்கி வைத்திருப்பவர், அத்தடாகத்திலேயே சிறு அளவில் மீன் விடலாம். மாரி மழையில் நிறைந்த நீரில் தை மாதம் குஞ்சு விட்டால், ஆடியில் நீர் வற்றுமுன் பிடித்துவிடலாம். அவருக்கு நீரிறைக்கும் செலவும் காவற் செலவும் தனியாக இல்லை. மீன் எச்சம் கலந்த அந்நீரைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் பாய்ச்சும்போது உரச் செலவிலும் ஒரு பகுதி குறையும். அவருடைய மீன் இலாபத்திற் பாதியைத் தோட்டக் கணக்கிலேதான் தேட வேண்டும்.